‘கப்பல் மூழ்குது’: யாரோடு விளையாடுகிறோம்?

யாழ்ப்பாணத்தில் செயலமர்வுகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்த ஒழுங்கு மனப்பாடம். வரவுப் பதிவேட்டில் கையெழுத்து, மங்கல விளக்கேற்றல், மௌன வணக்கம், தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை. பத்தரை மணிக்குத் தேநீர். அது முடிந்து கண்கள் செருகத் தொடங்கும் நேரம் பார்த்து வளவாளர் எழுந்து, “எல்லாரும் கதிரையைத் தள்ளிப்போட்டிட்டு வட்டமா நில்லுங்கோ” என்பார். பிறகு ஒரு விளையாட்டு. ஐந்து நிமிடம் கலகலப்பு. யாரோ ஒருவர் படம் எடுப்பார். அந்தப் படம்தான் பின்னர் ஆண்டறிக்கையின் அட்டையில் வரும்.

அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. போருக்குப் பிந்தைய வடக்கில் செயலமர்வு என்பது ஒரு வாழ்க்கைமுறையாகவே ஆகிவிட்டது. வாழ்வாதாரம், உளநலம், தலைமைத்துவம், நல்லிணக்கம் என்று தலைப்பு மாறும். ஆனால் முன்வரிசையில் இருக்கும் பெண்கள் பெரும்பாலும் அதே பெண்கள்தான். அவர்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்க விளையாட்டு வந்தது. அது நல்ல எண்ணத்தில்தான் வந்தது. ஆனால் எந்த விளையாட்டு, யாரை வைத்து, எதற்காக என்ற கேள்வியைப் பலர் கேட்பதில்லை. சனசமூக நிலையம் நடத்துபவர்கள், மாதர் சங்கத் தலைவிகள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், ரொறன்ரோவிலும் லண்டனிலும் கோடைகால ஒன்றுகூடல் நடத்தும் ஊர்ச்சங்கத்தார் என எல்லோருக்கும் இது உதவக்கூடும்.

சொல் புதிது, வேலை பழையது

விளையாட்டு அல்லாத ஒரு காரியத்துக்குள் விளையாட்டின் கூறுகளைக் கொண்டுவருவதை இன்று ‘விளையாட்டாக்கம்’ என்கிறார்கள். நிக் பெலிங் என்ற பிரித்தானிய மென்பொருளாளர் 2002 அளவில் அதன் ஆங்கிலச் சொல்லை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது. 2010ஐ அண்டி அது வணிக உலகில் பரவியது. புள்ளி, பதக்கம், தரவரிசைப் பட்டியல் ஆகிய மூன்றும் இதன் வழக்கமான கருவிகள். நிகழ்வுகளில் இது பல உருவங்களில் வருகிறது. கண்காட்சியின் பத்துக் கூடங்களுக்கும் போய் அட்டையில் முத்திரை குத்திக்கொண்டு வந்தால் ஒரு பரிசு. கைத்தொலைபேசியில் வினாடி வினா. மண்டபத்துக்குள் புதையல் வேட்டை. இருந்து கேட்பவரை எழுந்து செய்பவராக மாற்றுவதே நோக்கம்.

குடாநாட்டுக்கு இது புதிதில்லை. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பாருங்கள். நிகழ்வை விறுவிறுப்பாக்க அங்கே யாரும் விளையாட்டைப் புகுத்தவில்லை. விளையாட்டே நிகழ்வு. வாடைக்காற்று பிடிக்கத் தொடங்கியதும் வீடுகளில் மூங்கில் சீவும் வேலை தொடங்கிவிடும். இந்த முறை என்ன உருவம் என்பதைப் பக்கத்து ஒழுங்கைக்குத் தெரியாமல் வைத்திருப்பார்கள். பெரிய பட்டத்தை ஒருவரால் ஏற்ற முடியாது. ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும், சிலர் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும், விண் சரியாகக் கூவுகிறதா என்று பார்க்க ஒரு பழைய கை வேண்டும். பரிசு உண்டு. ஆனால் பரிசு கிடைக்காத பட்டமும் வானத்தில்தான் நிற்கும். ஆயிரக்கணக்கானவர்கள் கடற்கரையில் அண்ணாந்து பார்ப்பது அதையும் சேர்த்துத்தான். பங்குபற்றலை எப்படிக் கூட்டுவது என்று பாடம் எடுப்பவர்கள் ஒருமுறை அந்தக் கடற்கரையில் நின்றுவிட்டு வரலாம்.

கிளித்தட்டையும் எடுத்துக்கொள்ளலாம். தாச்சி என்றும் சொல்வார்கள். கோடுகள் போட்ட நிலத்தில் ஓர் அணி மறிக்கும், மற்ற அணி கடந்து போய்த் திரும்ப வேண்டும். நடுக்கோட்டில் கிளி ஓடும். பல ஊர்களில் ஒருவர் அடிபட்டால் அந்த அணி முழுவதும் போய்க் கோட்டில் நிற்க வேண்டும். அதாவது தனியொருவரை வெளியே உட்காரவைக்கும் விதி அதில் இல்லை. கால் வேகம் குறைந்தவருக்கும் ஒரு கோடு இருக்கும். நூறு ரூபாய்ச் சுண்ணாம்பும் ஒரு தரிசுக் காணியும் போதும்.

மூன்றாவது மரபு அரங்கத்தினுடையது. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியதிலிருந்து யாழ்ப்பாணத்தில் ‘களப்பயிற்சி’ என்ற சொல்லுக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. அவருடைய சிறுவர் நாடகங்களில் ஒன்றுக்குப் பெயரே ‘கூடி விளையாடு பாப்பா’. அவர் எழுதி க. சிதம்பரநாதன் 1985இல் நெறியாண்ட ‘மண் சுமந்த மேனியர்’ பலருக்கு நினைவிருக்கும். பின்னாட்களில் சிதம்பரநாதனின் அரங்கச் செயற்பாட்டுக் குழு ஊர்களுக்குப் போய்ச் செய்த வேலையில் அரங்க விளையாட்டுகளுக்கு முக்கிய இடம் இருந்தது. முதலில் வட்டம், பிறகு உடலைத் தளர்த்தும் விளையாட்டு, பிறகு கதை, அதற்குப் பிறகே நாடகம். ‘நாடகமும் அரங்கியலும்’ பாடத்தில் அரங்க விளையாட்டு என்று நம் மாணவர்கள் படிப்பதும் இதைத்தான். உலகளவில் வயோலா ஸ்போலினும் பிரேசிலின் அகுஸ்தோ போவாலும் இந்த முறைகளை எழுதி வைத்தார்கள். இங்கே ஷெல் சத்தத்துக்கு நடுவில் செய்து பார்த்தார்கள்.

அந்த மரபில் எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு: வட்டத்தில் பார்வையாளர் இல்லை. நடத்துபவரும் விளையாடுவார். ஓரத்தில் கமராவோடு நிற்பவரும் வட்டத்துக்குள் வர வேண்டும், அல்லது வெளியே போக வேண்டும். இன்றைய செயலமர்வு விளையாட்டுகள் அரங்கத்திடமிருந்து விளையாட்டை எடுத்துக்கொண்டன. இந்தச் சட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

விளையாட்டுக்குள் இருக்கும் உருவம்

மிகப் பரவலான விளையாட்டு ஒன்றிலிருந்து தொடங்குவோம். “கப்பல் மூழ்குது, கப்பல் மூழ்குது” என்று வளவாளர் கத்துவார். “எத்தனை பேர்?” என்று எல்லோரும் கேட்பார்கள். “மூன்று” என்றால் மூன்று மூன்று பேராகக் கட்டிப்பிடித்து நிற்க வேண்டும். மிச்சமாக நிற்பவர் மூழ்கிப் போனவர். அவர் வெளியே. மனிதர்களைக் குழுக்களாகப் பிரிக்க இது ஒரு சுலபமான வழி. உலகம் முழுவதும் விளையாடுகிறார்கள்.

இப்போது அந்த வட்டத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் உறவை இழந்த குடும்பங்கள் தீவகத்தில் இருக்கின்றன. பாதைகள் மூடப்பட்டிருந்த தொண்ணூறுகளின் முற்பகுதியில் கிளாலிக் கடலேரியை இரவில் படகேறிக் கடந்தவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அந்தக் கடலில் திரும்பி வராதவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வடமராட்சி கிழக்கில் யாருடைய கை யாருடைய கையிலிருந்து நழுவியது என்பதைச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பிறகு 2009. கப்பலில் ஏற்றப்பட்டவர் யார், கரையில் விடப்பட்டவர் யார் என்று இன்றுவரை கணக்குப் பார்க்கும் தாய்மார் அவர்கள். ஒருவரைப் பிடித்துக்கொண்டு மற்றவரைக் கைவிடுவதை ஒரு பகிடியாகச் செய்யச் சொல்கிறோம். பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே செய்வார்கள், நம் சனங்கள் யாருடைய முகத்தையும் முறிக்க மாட்டார்கள். அந்தச் சிரிப்பை ‘வெற்றிகரமான பங்குபற்றல்’ என்று அறிக்கையில் எழுதிவிடுவது எளிது.

இதே கண்ணால் மற்ற விளையாட்டுகளையும் பார்க்கலாம். காலில் கட்டிய பலூனை மிதித்து உடைக்கும் விளையாட்டு சிறுவர் நிகழ்வுகளில் தவறாமல் வரும். மூடிய மண்டபத்தில் இருபது பலூன் அடுத்தடுத்து வெடிக்கும்போது பிள்ளைகள் துள்ளுவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மம்மாவின் தோள் எப்படி உயர்ந்து இறங்குகிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும். சங்கீதக் கதிரை, இடம் பறிபோனவர் வெளியேறும் விளையாட்டு. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் எழுந்தவர்கள் கோணாப்புலத்திலும் மல்லாகத்திலும் நலன்புரி நிலையங்களில் கால் நூற்றாண்டு கழித்தார்கள். அவர்களுக்குக் கதிரை இல்லாமல் போவதன் பொருளை விளக்கத் தேவையில்லை. “கை தூக்கு, இரு, எழும்பு” என்று கட்டளையிடும் விளையாட்டு இன்னொன்று. இதை அதிகம் விளக்காமல் விடுகிறேன்.

எனக்கு மிகவும் உறுத்துவது ‘கொலைகாரன் யார்?’ வகை. எல்லோரும் நிற்க, இரகசியமாகத் தெரிவுசெய்யப்பட்ட ஒருவர் கண்ணைச் சிமிட்ட, சிமிட்டப்பட்டவர் ‘சாக’, மற்றவர்கள் சந்தேகத்தில் ஒருவரைச் சுட்டிக்காட்ட வேண்டும். பல்கலைக்கழக விடுதியில் விளையாடும்போது நல்ல விளையாட்டு. ஆனால் இந்த மண்ணில் ‘தலையாட்டி’ என்றொரு சொல் இருக்கிறது. பள்ளிக்கூட மைதானத்திலோ கோயில் வீதியிலோ ஊரையே வரிசையில் நிறுத்தி, முகம் மறைத்த ஒருவர் முன்னால் நடக்கவிட்டார்கள். அந்தத் தலை ஆடியதால் போனவர்களில் பலர் வரவில்லை. அந்த வரிசையில் நின்ற ஆளிடம் ‘சுட்டிக்காட்டு’ என்று விளையாட்டாகச் சொல்ல முடியாது.

நம் ஊர் விளையாட்டுகள் மட்டும் குற்றமற்றவையா என்று கேட்கலாம். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் முட்டி உடைப்பதும் யானைக்குக் கண் வைப்பதும் கண்ணைக் கட்டித்தானே. உண்மை. கண்கட்டிய அனுபவம் உள்ளவர்கள் இங்கே குறைவில்லை. ஆனால் புத்தாண்டு விழாவில் விரும்பியவர் மட்டும் கூட்டத்திலிருந்து முன்னே வருகிறார், கட்டுகிறவர் தெரிந்த பெடியன், வேண்டாம் என்றால் ஓரத்தில் நின்று தேங்காய் துருவும் போட்டியைப் பார்க்கலாம். செயலமர்வு வட்டத்தில் எல்லோரும் எழும்ப வேண்டும். உதவி கொடுக்கும் நிறுவனம் நடத்தும் விளையாட்டில் “நான் வரேல்லை” என்று சொல்ல, அடுத்த பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்று நினைக்கும் ஒரு பெண்ணால் முடியுமா? ஆகவே விளையாட்டின் வடிவத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது, அதிலிருந்து ஒருவர் கௌரவமாக விலகி நிற்க வழி இருக்கிறதா என்பது. நேரம் குறிப்பவர், புள்ளி எழுதுபவர், பாட்டு நிறுத்துபவர் என்று இரண்டு மூன்று கதிரைகளை முதலிலேயே போட்டுவைத்தால் அந்த வழி சத்தமில்லாமல் திறந்துவிடும்.

உடலையும் மறக்கக் கூடாது. செயற்கைக்காலோடு வருபவர், ஷெல் வெடித்து ஒரு காது கேளாதவர், உடலில் இன்னும் துகள் சுமப்பவர் நம் கூட்டங்களில் விதிவிலக்கில்லை. ஓடும் விளையாட்டை வைத்துவிட்டு, “ஐயா நீங்கள் இருங்கோ” என்று சொல்வது அவரை மூன்றாம் முறை காயப்படுத்துவது. இருந்தபடி விளையாடக்கூடியதைத் தெரிவுசெய்துவிட்டால் யாரையும் இருக்கச் சொல்ல வேண்டியதில்லை.

கனடாவின் டெறி ஓர்லிக் 1978இல் கூட்டுறவு விளையாட்டுகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய சங்கீதக் கதிரையில் கதிரை குறையும், ஆட்கள் குறைய மாட்டார்கள். எல்லோரும் மிச்சமுள்ள கதிரைகளில் எப்படியாவது அடங்க வேண்டும். நல்ல யோசனை. ஆனால் ஆணும் பெண்ணும் மடியில் இருக்க வேண்டிவரும் என்பதால் அளவெட்டியிலோ உடுப்பிட்டியிலோ அப்படியே எடுபடாது. முன்பள்ளிப் பிள்ளைகளோடு நன்றாக வரும். பெரியவர்களுக்குக் கதிரைக்குப் பதிலாகச் செய்திகளை வைக்கலாம். ஆளுக்கொரு துண்டில் ஒரு தகவல், எல்லோருடைய துண்டும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும். யாராவது ஒருவர் வெளியே போனால் விளையாட்டே முடியாது.

சவர்க்காரமும் தரவரிசையும்

பரிசு இல்லாமல் கூட்டம் சேராது என்பது ஏற்பாட்டாளர்களின் உறுதியான நம்பிக்கை. 1973இல் வெளியான ஒரு பரிசோதனை இதைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், றிச்சர்ட் நிஸ்பெற் ஆகியோர் அமெரிக்காவில் ஒரு முன்பள்ளியில் படம் வரைய விரும்பும் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் றிபன் கட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு எதிர்பாராமல் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் தாங்களாக வரையும் நேரம் மற்ற இரு பகுதியினரைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. விருப்பத்தோடு செய்த வேலை கூலி வேலையாகிவிட்டது.

இதை எடுத்துக்கொண்டு “சனங்களுக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள்” என்று யாரும் வரக் கூடாது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் பெண்ணுக்குப் போக்குவரத்துச் செலவும் மதியச் சாப்பாடும் கொடுப்பது பரிசு ஆகாது. அது அவருக்குச் சேர வேண்டியது. சிக்கல் அதை விளையாட்டோடு முடிச்சுப் போடும்போதுதான் வருகிறது. சரியான பதில் சொன்னவருக்குச் சவர்க்காரப் பெட்டி, பிந்தியவருக்குக் கைதட்டல் மட்டும் என்றால், வீட்டில் சவர்க்காரம் தேவைப்படுபவர் யார் என்பதை விளையாட்டு பார்க்காது. வேகமாக வாசிப்பவர் வெல்வார். எல்லோருக்கும் அதே பெட்டி, வாசலில், போகும்போது கொடுத்தால் இந்தத் தலையிடி இல்லை.

தரவரிசைப் பட்டியல் இன்னும் மோசம். நோர்வேயில் 2013இல் வெளியான கஹூட் போன்ற வினாடி வினாச் செயலிகள் இப்போது யாழ்ப்பாண மண்டபங்களிலும் திரையில் ஓடுகின்றன. அதில் வேகத்துக்கும் புள்ளி உண்டு. நல்ல தொலைபேசியும் டேட்டாவும் உள்ள பட்டதாரி இளைஞர் மேலே, கண்ணாடியைத் தேடும் அம்மா கீழே. அவருடைய பெயர் திரையில் கடைசியாக எல்லோர் முன்னாலும் நிற்கும். குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு தொலைபேசி வைத்து, நேரப் புள்ளியை நிறுத்திவிட்டால் அதே செயலி நல்ல கலந்துரையாடலைத் தரும். ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம் வாதாடுவார்கள். அப்படி வாதாடும்போதுதான் விஷயம் தலைக்குள் போகிறது.

இலக்கம் யாரிடம் போகிறது?

வர்த்தகக் கண்காட்சிகளில் சுழல்சக்கரத்தைச் சுற்றத் தொலைபேசி இலக்கம் கேட்பார்கள். கொடுத்தால் பிறகு குறுஞ்செய்தி வந்துகொண்டே இருக்கும். அது தொல்லை, அவ்வளவுதான். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள், காணி விடுவிப்புக் கேட்பவர்கள், முன்னாள் போராளிகள் கூடும் இடத்தில் அதே வேலை தொல்லையோடு நிற்காது. கூட்டத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் நின்று படம் எடுப்பவர்களை வடக்கில் செய்தி சேகரிக்கும் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குத் தேவையானதை நாமே அழகாகப் பட்டியலிட்டு, புள்ளியோடு, புகைப்படத்தோடு பேஸ்புக்கில் போட்டுக் கொடுக்க வேண்டுமா?

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்கு முன்பே செய்யக்கூடியவை சில உண்டு. விளையாட்டுக்கு உண்மைப் பெயர் தேவையில்லை. பூவின் பெயர், ஊர்க் குளத்தின் பெயர் போதும். புகைப்படம் எடுக்கப்படுவதை விரும்பாதவர்களுக்கு ஒரு நிற அட்டை கொடுத்துவிடலாம். கணவனை இழந்த பெண் வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு படம் வட்ஸ்அப்பில் ஊருக்குள் போனால் என்ன பேச்சு வரும் என்பது ஏற்பாட்டாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அதனால்தான் பல பெண்கள் விளையாட்டு தொடங்கும்போது சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

வந்த வேலையையே விளையாட்டாக்குவது

இதுவரை சொன்னது தவிர்க்க வேண்டியவை. செய்யக்கூடியது, என் பார்வையில், தூக்கத்தைக் கலைக்கும் இடைவேளை விளையாட்டைக் குறைத்துவிட்டு, சனங்கள் எதற்காக வந்தார்களோ அந்த வேலையையே விளையாட்டின் அடுக்கில் ஒழுங்குபடுத்துவது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றிய கூட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். வழக்கமாக இது இரண்டு மணிநேர விரிவுரை. அதற்குப் பதிலாக ஐந்து பேர் கொண்ட குழுக்களுக்கு நான்கு பணிகளைக் கொடுக்கலாம். முதலாவது, உங்கள் ஊரில் விடை தெரியாத ஒரு கேள்வியைக் கண்டுபிடியுங்கள்: எங்கள் வீதிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, இன்னும் விடாத காணி எத்தனை ஏக்கர், அது எந்தத் திணைக்களத்தின் பெயரில் இருக்கிறது. இரண்டாவது, அந்தப் பதில் எந்த அலுவலகத்தில் இருக்கும் என்று முடிவெடுங்கள். இங்கே பெரிய சண்டை வரும், வரட்டும். மூன்றாவது, விண்ணப்பத்தை எழுதுங்கள். ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதை எழுதும்போதே கண்டுகொள்வார்கள். நான்காவது, பக்கத்துக் குழுவின் விண்ணப்பத்தை ‘தகவல் அலுவலர்’ ஆக இருந்து நிராகரிக்கப் பாருங்கள். ஓட்டை தெரிந்த விண்ணப்பம் திருத்தப்படும். நாள் முடிவில் குழுவுக்கு ஒரு கடிதம் கையில் இருக்கும், தபாலில் போடவேண்டியதுதான் மிச்சம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் திகதியைச் சுவரில் எழுதி, அதே குழு மீண்டும் சந்திக்கும் நாளாக வைத்துவிட்டால் விளையாட்டு மண்டபத்தோடு முடியாது. புள்ளியும் பதக்கமும் எங்கே என்று கேட்டால், பதில் கடிதம் வரும்போது அந்தக் குழுவின் முகத்தைப் பாருங்கள்.

இழப்பீட்டு அலுவலகத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ விண்ணப்பிக்கும் நடைமுறையை விளக்க, பாம்பும் ஏணியும் நல்ல கருவி. பலகையை நீங்கள் அச்சடித்துக் கொண்டுபோக வேண்டாம். வெறும் கட்டங்கள் போட்ட பெரிய தாளை நிலத்தில் விரித்து, பாம்புகளைச் சனங்களையே வரையச் சொல்லுங்கள். கையெழுத்து வைக்க வேண்டியவர் லீவு, தேசிய அடையாள அட்டையில் பெயரின் ஓர் எழுத்துப் பிழை, மூலப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்தது என்று ஐந்து நிமிடத்தில் இருபது பாம்பு வந்துவிடும். ஏணிகள் குறைவாகத்தான் வரும். எந்த மேசைக்கு முதலில் போனால் வேலை நடக்கும், எந்தக் கடிதம் பழைய பத்திரத்துக்குப் பதிலாகச் செல்லும் என்று வென்றவர் சொல்வார், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். அந்த மண்டபத்தில் நடைமுறையை அதிகம் தெரிந்தவர் வளவாளர் இல்லை என்பது அப்போது தெரியவரும். நல்ல வளவாளர் அதற்குச் சந்தோசப்படுவார்.

கண்ணிவெடி அபாயக் கல்வி இங்கே தனியாகச் சொல்ல வேண்டியது. குடாநாட்டின் கழுத்துப் பகுதியான முகமாலை ஆண்டுக்கணக்காக முன்னரங்கமாக இருந்த மண். போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியும் கண்ணிவெடி அகற்றும் பணியாளர்கள் அங்கே முழங்காலில் நின்றார்கள். இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி 2028க்குள் கண்ணிவெடிகளை முழுமையாக அகற்ற வேண்டும். அபாயக் கல்வியில் வீதி நாடகமும் பொம்மலாட்டமும் விளையாட்டும் நல்ல பலன் தந்திருக்கின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும்: ‘கண்டுபிடி’, ‘எடுத்து வா’, ‘அதிகம் சேர்த்தவர் வெற்றி’ என்ற விதிகள் இங்கே கூடவே கூடாது. புதையல் வேட்டையில் பழகிய பிள்ளைக்குக் காணியில் மினுங்கும் இரும்பும் புதையல்தான். மாதிரி வெடிபொருளைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கவிடுவதும் அதே பிழை. அங்கே வெல்ல வேண்டியவர் தொடாமல் நின்றவர், வந்த அடியிலேயே திரும்பியவர், பெரியவரிடம் போய்ச் சொன்னவர்.

விளையாட்டே வேண்டாத இடங்கள்

சில நிகழ்வுகளுக்கு விளையாட்டுத் தேவையில்லை. நினைவேந்தல், சாட்சியம் பதிவுசெய்யும் அமர்வு, உறவுகளைத் தேடும் குடும்பங்களின் கூட்டம் ஆகியவை அப்படி. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய தாய்மாரின் தொடர் போராட்டத்தில் இருந்தவர்களுக்கு ‘ஈடுபாட்டை’ யாரும் ஊட்டவில்லை. அவர்களைக் கூப்பிட்டு, கேள்வி கேட்பதற்கு முன் உற்சாகமூட்டும் விளையாட்டு வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். தாய்மார் எழுந்து நின்றார்கள், கைகளைத் தட்டினார்கள். கேள்வி நேரம் வந்தபோது மண்டபம் அமைதியாக இருந்தது.

உளநலம் சார்ந்த கூட்டங்களில் நிலைமை வேறு. அங்கே விளையாட்டு மருந்தாகவும் இருக்கும். ‘மனவடு’ எழுதிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், தனியாளைவிடக் குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நீண்டகாலமாக வலியுறுத்தி வருபவர். சடங்குக்கும் கலைக்கும் அதில் இடமுண்டு என்பவர். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குத் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகப் போய், களிமண்ணிலும் நிறத்திலும் கதையிலும் மாதக்கணக்கில் விளையாடினார்கள். ‘மாதக்கணக்கில்’ என்பதுதான் முக்கியம். அரைநாள் செயலமர்வின் இறுதியில், அழுத பெண்ணின் கண்ணீர் காயுமுன் “சரி, இப்ப எல்லாரும் ஒரு விளையாட்டு” என்பது அந்த வேலையின் போலி. அவரை அழவைத்த கேள்வியைக் கேட்டவர் அடுத்த வாரமும் வருவாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நடத்தப்போகிறவர்களுக்கு இரண்டு நடைமுறைக் குறிப்புகள். விளையாட்டை முதல்நாளே அந்த ஊர்ப் பெண்கள் இருவரிடம் செய்து காட்டுங்கள். அவர்கள் “அது வேண்டாம் தங்கச்சி” என்றால், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். மற்றது நேரம். விளையாட்டு எப்போதும் எழுதிய நேரத்தைத் தாண்டும். வடமராட்சி கிழக்குக்குப் போகிறவர்களுக்குப் பின்னேரம் பஸ் குறைவு. நிகழ்ச்சி நிரலில் எதையாவது வெட்ட வேண்டிவந்தால், வாழ்த்துரைகளிலிருந்து தொடங்குங்கள்.